சார்லஸ் பிராட்லா: ஐந்து முறை ஜெயித்த பிறகு நிலைத்த இருக்கை

நம் சட்டமன்றத்தில் பதவி ஏற்கும்போது சிலர் கடவுள் பெயரால் உறுதி எடுக்கிறார்கள், சிலர் 'உளமார' என்று சொல்கிறார்கள். பிரிட்டனில் இந்த இரண்டாவது வழிக்காக பிராட்லா என்ற எம்.பி. சிறை வரை போனார் என்று படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் யார், கடைசியில் ஜெயித்தாரா, அந்தச் சண்டையைத் தவிர அரசியலில் வேறு ஏதாவது செய்தாரா என்பது உங்கள் கேள்வி.

ஜெயித்தார். வேறு வேலையும் நிறையச் செய்தார். ஆனால் இந்தக் கதையை 'நாத்திகர் ஒருவரின் துணிச்சல்' என்று மட்டும் சொல்வது எனக்குப் போதவில்லை. பிராட்லாவின் துணிச்சலில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவரைத் தாங்கியது நார்தாம்ப்டன் என்ற ஊர். செருப்புத் தைத்துப் பிழைத்த தொழிலாளிகள் நிறைந்த ஊர் அது. "நாங்கள் அனுப்பிய ஆளை உள்ளே விடமாட்டோம் என்று சொல்ல நீங்கள் யார்?" என்று நாடாளுமன்றத்தைப் பார்த்து அந்த ஊர் திரும்பத் திரும்பக் கேட்டது. நான் பிராட்லாவை விரும்பிப் படிக்கிறேன் என்றால் இந்தக் கேள்விக்காகத்தான்.

1833 செப்டம்பர் 26 அன்று லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் பிறந்தார். அப்பா ஒரு சொலிசிட்டரிடம் குமாஸ்தா. பதினோரு வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. அப்புறம் அலுவலகத்தில் எடுபிடி வேலை, நிலக்கரி வியாபாரியிடம் கணக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பள்ளியில் சிறுவர்களுக்கு வேதம் சொல்லிக் கொடுத்தார். அதற்காக நற்செய்தி நூல்களையும் ஆங்கிலிக்கன் சபையின் 39 கொள்கைகளையும் அருகருகே வைத்துப் படித்தவருக்குச் சில இடங்கள் ஒத்துப்போகவில்லை. பாதிரியாரிடம் விளக்கம் கேட்டு எழுதினார். பையன் சந்தேகப்படுகிறான் என்று அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். விவகாரம் வீடு வரை போய், கடைசியில் வீட்டைவிட்டே வெளியேற வேண்டியதாயிற்று. பத்திரிகைச் சுதந்திரத்துக்காகப் பல ஆண்டுகள் சிறையில் இருந்த ரிச்சர்ட் கார்லைலின் துணைவி எலைசா ஷார்ப்பிள்ஸ் அவருக்கு இடம் கொடுத்தார்.

1850-இல் வயிற்றுப்பாட்டுக்காகப் படையில் சேர்ந்தார். ரெஜிமென்ட் அயர்லாந்தில் இருந்தது. பஞ்சத்தின் காயம் ஆறாத காலம். வாடகை கட்ட முடியாத குடும்பங்களை வெளியேற்றும்போது படை பக்கத்தில் நிற்கும். அப்படி ஒரு நாள், மழையில், சாகக் கிடக்கும் கணவனை மட்டும் உள்ளே இருக்கவிடுங்கள் என்று ஒரு பெண் கெஞ்சியதையும், அந்த மனிதர் வெளியே கிடந்தே செத்ததையும் அவர் பின்னாளில் மேடையில் சொல்லியிருக்கிறார். நிலம் யாருக்கு என்ற கேள்வி அவர் அரசியலில் கடைசிவரை இருந்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. 1853-இல் குடும்பத்தில் வந்த ஒரு சிறு சொத்தைக் கொண்டு படையிலிருந்து விடுதலை வாங்கிக்கொண்டார். பிறகு லண்டனில் வழக்கறிஞர் குமாஸ்தா. பகலில் சட்டக் காகிதங்கள், இரவில் 'ஐகனோக்ளாஸ்ட்' என்ற புனைபெயரில் மேடைப் பேச்சு. அந்தக் குமாஸ்தா வேலையை மறந்துவிடாதீர்கள். பின்னாளில் பெரிய பெரிய வழக்குகளில் வக்கீல் வைக்காமல் தானே வாதாடிய திறமை அங்கே வந்ததுதான்.

'நேஷனல் ரிஃபார்மர்' பத்திரிகை, 1866-இல் நிறுவிய தேசிய மதச்சார்பற்றோர் சங்கம், முடியாட்சிக்கு எதிரான பிரசாரம் என்று அவர் பெயர் பரவியது. 1868-இல் பத்திரிகைக்கு ஜாமீன் தொகை கட்டவில்லை என்று அரசு வழக்குப் போட்டது. அவர் விடாமல் எதிர்த்தார், மறுவருடம் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. 1877-இல் அன்னி பெசன்டும் அவரும் சேர்ந்து, ஓர் அமெரிக்க மருத்துவர் எழுதிய குடும்பக் கட்டுப்பாட்டுச் சிறுநூலை மறுபதிப்பு செய்தார்கள். ஆபாச வெளியீடு என்று இருவருக்கும் ஆறு மாதச் சிறையும் 200 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டன. குற்றப்பத்திரிகையில் இருந்த ஒரு குறையைக் காட்டி மேல்முறையீட்டில் அதை உடைத்தார். ஆனால் நாத்திகர், முடியரசு வேண்டாம் என்பவர், கருத்தடை பேசுபவர் என்று மூன்று முத்திரைகள் அவர் மேல் சேர்ந்துவிட்டன. 1880-இல் நாடாளுமன்றத்துக்குள் நடந்த பகையை இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நார்தாம்ப்டன் இரண்டு எம்.பி.க்களை அனுப்பும் தொகுதி. பிராட்லா 1868-இல் நின்று தோற்றார். 1874-இல் பொதுத்தேர்தலிலும் அதே வருடம் இடைத்தேர்தலிலும் தோற்றார். பன்னிரண்டு வருடம் அதே ஊரைப் பிடித்துக்கொண்டு இருந்தவருக்கு 1880-இல் கதவு திறந்தது. லிபரல் கட்சியின் ஹென்றி லபூஷேருடன் சேர்ந்து நின்று 3,827 வாக்குகள் பெற்று வென்றார். அப்போது அவருக்கு வயது 46.

இனி அந்தப் பிரமாணம். அன்றைய விதிப்படி, வென்றவர் காமன்ஸ் சபையில், அதாவது நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையில், உட்கார்ந்து வாக்களிக்க வேண்டுமானால் மகாராணிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று கடவுள் பெயரால் சத்தியம் செய்ய வேண்டும். செய்யாமல் வாக்களித்தால் ஒவ்வொரு முறைக்கும் 500 பவுண்டு அபராதம், இருக்கையும் போகும். இந்த வாசலில் பலர் ஏற்கெனவே தடுக்கப்பட்டிருந்தார்கள். கத்தோலிக்கரான டேனியல் ஓ'கானல் 1828-இல் ஜெயித்து வெளியே நின்றார். யூதரான லயனல் ராத்ஸ்சைல்ட் 1847-இல் லண்டன் மாநகரத் தொகுதியில் முதன்முறை ஜெயித்து, 1858-இல்தான் இருக்கையில் அமர்ந்தார். சத்தியமே செய்யக்கூடாது என்ற நம்பிக்கை கொண்ட குவேக்கர்களுக்கு, சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி சொல்லலாம் என்று சலுகை இருந்தது. ஆக எந்தக் கடவுளை, எப்படி நம்பினாலும் வழி கிடைத்துவிட்டது. நம்பாதவருக்குத்தான் வழி இல்லை.

1880 மே 3 அன்று பிராட்லா சபைக்கு வந்து, உறுதிமொழி எடுக்க அனுமதி கேட்டார். 1869, 1870-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டங்கள் நீதிமன்றத்தில் மதநம்பிக்கை இல்லாத சாட்சிகளுக்கு உறுதிமொழி உரிமையைக் கொடுத்திருந்தன. அது இங்கும் பொருந்தும் என்பது அவர் வாதம். சபாநாயகர் ஹென்றி பிராண்ட் தானே முடிவெடுக்காமல் விஷயத்தைச் சபையிடம் தள்ளினார். சபை ஒரு தேர்வுக் குழுவை அமைத்தது. குழுவில் எட்டுக்கு எட்டு. தலைவரின் ஒரு வாக்கால் பிராட்லா தோற்றார்.

சரி, உறுதிமொழி இல்லையென்றால் சத்தியமே செய்கிறேன் என்று அவர் முன்வந்தார். என் பார்வையில் அவருடைய பெரிய சறுக்கல் இந்த இடத்தில்தான். சத்தியம் செய்யத் தயார் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தச் சத்தியத்தில் உள்ள மதச் சொற்கள் எனக்குப் பொருளற்றவை, ஆனால் விசுவாசம் பற்றிய வாக்குறுதி என்னைக் கட்டுப்படுத்தும் என்று பொதுக் கடிதமும் எழுதினார். நேர்மையான கடிதம்தான். மனசாட்சி உள்ள மனிதர் வேறெப்படி எழுதுவார் என்றும் தோன்றுகிறது. ஆனால் எதிராளிகள் காத்திருந்த ஆயுதத்தை அவரே கையில் கொடுத்ததாக ஆகிவிட்டது. 'கடவுளை நம்பாதவன் கடவுள் பெயரால் சத்தியம் செய்வதா? அது தெய்வ நிந்தனை' என்று கன்சர்வேடிவ் உறுப்பினர் ஹென்றி ட்ரம்மண்ட் வுல்ஃப் எழுந்தார். உறுதிமொழிக்கு உரிமை இல்லை, சத்தியத்துக்குத் தகுதி இல்லை என்று இரண்டு பக்கமும் அடைத்தாயிற்று.

இரண்டாவது குழு ஒரு நடுவழி சொன்னது: அவர் உறுதிமொழி எடுக்கட்டும், அது சரியா தவறா என்று நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். லபூஷேர் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தார். ஜூன் 22 அன்று 275-க்கு 230 என்று தோற்றது. பிராட்லா சத்தியமும் செய்யக்கூடாது, உறுதிமொழியும் எடுக்கக்கூடாது என்று சபை தீர்மானித்தது. இந்தத் தேதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவேன்.

மறுநாள் அவர் சபையின் எல்லைக் கோட்டருகே நின்று பேசினார். சுருக்கமாக அவர் சொன்னது, என்னைத் தகுதியற்றவன் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, சபையின் தீர்மானம் சட்டத்துக்கு மேலானதல்ல என்பதே. வெளியே போகச் சொன்னபோது மறுத்தார். கன்சர்வேடிவ் தலைவர் ஸ்டாஃபோர்ட் நார்த்கோட் கொண்டுவந்த தீர்மானத்தின்படி அவரைக் காவலில் எடுத்தார்கள். நாடாளுமன்றத்தின் மணிக்கூண்டில், அதாவது பிக் பென் மணி தொங்கும் அந்தக் கோபுரத்துக்குள், ஓர் அறையில் அன்றிரவு வைக்கப்பட்டார். நீங்கள் படித்த 'சிறை' இதுதான். இருட்டுக் கொட்டடி என்று நினைத்துவிடாதீர்கள். பார்வையாளர்கள் வந்து போனார்கள். மறுநாளே அவரை விடுவிக்க நார்த்கோட்டே தீர்மானம் கொண்டுவந்தார், ஏனென்றால் வெளியே அவருக்கு ஆதரவு பெருகிக்கொண்டிருந்தது.

ஜூலை 1 அன்று பிரதமர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த தீர்மானம் 303-க்கு 249 என்று நிறைவேறியது. வழக்கை எதிர்கொள்ளும் பொறுப்பு அவருடையது என்ற நிபந்தனையோடு உறுதிமொழி எடுக்கலாம் என்று ஆயிற்று. ஜூலை 2 அன்று எடுத்தார், உட்கார்ந்தார், வாக்களித்தார். அன்றே கிளார்க் என்ற ஒருவர் பெயரில் 500 பவுண்டு கேட்டு வழக்கு வந்தது. பின்னால் இருந்து பணப் பொறுப்பை ஏற்றவர் சார்லஸ் நியூடிகேட் என்ற கன்சர்வேடிவ் எம்.பி. 1881 மார்ச்சில் தீர்ப்பு பிராட்லாவுக்கு எதிராக வந்தது. இருக்கை போயிற்று, இடைத்தேர்தல் வந்தது.

ஊரில் தேவாலயப் பிரசங்கங்கள், அவதூறுத் துண்டறிக்கைகள், 'இந்த ஆளை மறுபடி அனுப்பினால் உங்கள் ஓட்டு வீண்' என்ற பிரசாரம். அதில் உண்மையும் இருந்தது. சபைக்குள் விடாத ஆளுக்கு வாக்களித்தால் ஊருக்கு என்ன கிடைக்கும்? தங்கள் பாதிப் பிரதிநிதித்துவத்தை இழக்கிறோம் என்று தெரிந்தே அவர்கள் 1881 ஏப்ரலில் 3,437 வாக்கு கொடுத்தார்கள். எதிர் வேட்பாளருக்கு 3,305. வித்தியாசம் 132தான். இதை ஏதோ அலை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பட்டறையிலும் வாதாடிப் பெற்ற வாக்குகள் அவை.

திரும்பி வந்தவரைச் சத்தியம் செய்யவிடாமல் சபை தடுத்தது. ஆகஸ்ட் 3 அன்று நாட்டின் பல இடங்களிலிருந்து ஆதரவாளர்கள் மனுக்களுடன் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடியிருக்க, பிராட்லா உள்ளே போக முயன்றார். ஊழியர்களும் போலீஸ்காரர்களும் சேர்ந்து அவரைப் பிடித்து இழுத்துப் படிகளில் இறக்கினார்கள். உயரமான, பலசாலியான மனிதர். கோட்டு கிழிந்தது, கைகளில் தசை புண்பட்டுப் பல நாள் படுத்தார். வெளியே நின்ற கூட்டம் பொங்கியது. அவர் ஒரு கை அசைத்திருந்தால் அன்று ரத்தம் சிந்தியிருக்கும். அசைக்கவில்லை. அன்னி பெசன்ட் கூட்டத்தை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தார். அன்று தன் ஆட்களை அடக்கியதுதான் பிராட்லாவின் அரசியல் முதிர்ச்சிக்கு நான் காட்டும் முதல் சான்று.

அடுத்த வருடம் பிப்ரவரி 21 அன்று அவர் செய்தது யாரும் எதிர்பாராதது. விறுவிறுவென்று மேசைவரை நடந்தார், சட்டைப்பையிலிருந்து புதிய ஏற்பாட்டை எடுத்தார், சத்தியத்தைத் தானே வாசித்தார், தாளில் கையெழுத்திட்டார். சபை திகைத்துப்போனது. ராண்டால்ஃப் சர்ச்சில், வின்ஸ்டன் சர்ச்சிலின் தகப்பனார், பிராட்லா அரச குடும்பத்தைத் தாக்கி எழுதிய சிறுநூலைச் சபையில் வீசி மிதித்த சம்பவம் 1880 மே மாதமே நடந்திருந்தது. பிராட்லாவைச் சபையிலிருந்து நீக்கினார்கள். மார்ச் 2 அன்று நார்தாம்ப்டன் அவரையே திருப்பி அனுப்பியது: 3,796-க்கு 3,688.

இவ்வளவு பகைக்கு மதப்பற்று மட்டும் காரணமா என்று நீங்கள் யோசிக்கலாம். உண்மையாக மனம் புண்பட்டவர்கள் இருந்தார்கள், அதை மறுக்கக்கூடாது. கத்தோலிக்க கார்டினல் மேனிங்கும் ஆங்கிலிக்கன் குருமார்களும் ஒரே பக்கம் நின்றார்கள். ஐரிஷ் கத்தோலிக்க உறுப்பினர்களில் பெரும்பாலோர், தங்கள் நாட்டுக்காகப் பேசிய இந்த மனிதருக்கு எதிராகவே வாக்களித்தார்கள். ஆனால் சர்ச்சில், வுல்ஃப், ஜான் கோர்ஸ்ட், ஆர்தர் பால்ஃபர் என்று ஒரு சின்னக் குழு, 'நாலாவது கட்சி' என்று பெயர் வாங்கியது, இந்த விவகாரத்தில்தான் உருவானது. கிளாட்ஸ்டன் அரசை மத விரோதி என்று காட்டவும், தங்கள் தலைவர் நார்த்கோட்டை மந்தமானவர் என்று காட்டவும் அவர்களுக்குப் பிராட்லா உதவினார். அரசியல் லாபம் இருந்ததால்தான் சண்டை ஆறு வருடம் நீண்டது.

கிளாட்ஸ்டனைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் விட்டால் நியாயமில்லை. தீவிர ஆங்கிலிக்கன் விசுவாசி. பிராட்லாவின் கருத்துகள் அவருக்குக் கசப்பானவை. ஆனாலும் யார் வேண்டுமானாலும் உறுதிமொழி எடுக்கலாம் என்ற மசோதாவுக்காக 1883 ஏப்ரல் 26 அன்று அவர் பேசிய பேச்சு அவருடைய மிகச் சிறந்த பேச்சுகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது. ஏதோ ஒரு கடவுளை ஒப்புக்கொண்டால் போதும் என்று வாசலில் கேட்பது மதத்தைக் காப்பாற்றாது, மலிவாக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். மனிதனைப் பொருட்படுத்தாமல் எங்கோ தொலைவில் அமைதியாக இருக்கும் தெய்வங்களைப் பற்றிப் பழைய ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் பாடிய லத்தீன் வரிகளை நீளமாகச் சொன்னார். கடவுளே இல்லை என்பதைவிட, கடவுளுக்கு நம்மோடு சம்பந்தமில்லை என்பதுதான் நம் காலத்தின் ஆபத்து என்றார். மே 3 அன்று வாக்கெடுப்பு: ஆதரவு 289, எதிர்ப்பு 292. மூன்று வாக்கில் தோற்றது.

நீதிமன்றத்தில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் மூச்சு கிடைத்தது. நியூடிகேட் பின்னாலிருந்து வழக்கு நடத்தியது சட்டவிரோதம் என்று அவர் மேலேயே வழக்குப் போட்டு 1883-இல் வென்றார். அதே வருடம், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, அபராதம் கேட்டு அரசுதான் வழக்குப் போடலாம், வழிப்போக்கர் யாரும் போட முடியாது என்று முடிவு சொன்னது. 1884-இல் மீண்டும் ஒரு முறை தானே சத்தியம் செய்து, பதவி விலகி, தேர்தலில் நின்று 4,032-க்கு 3,664 என்று வென்றார். 132, 108, இப்போது 368. ஊர் சலித்துப்போகவில்லை என்பதற்கு இந்த எண்களே போதும்.

அந்த வருடம் அவர் தோற்ற ஒரு வழக்கு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம். சபையின் காவல் அதிகாரி காசெட் மீது போட்டது. சபை தன் நான்கு சுவருக்குள் நடத்தும் காரியங்களில், சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும், நீதிமன்றம் தலையிடாது என்றது தீர்ப்பு. நாடாளுமன்றச் சிறப்புரிமை பற்றி எந்த நாட்டில் வாதம் நடந்தாலும் இந்த வழக்கை எடுக்கிறார்கள். அப்படியென்றால் சபை ஒரு தொகுதிக்கு அநியாயம் செய்தால் யாரிடம் போவது? வாக்காளரிடம்தான் போக வேண்டும். பிராட்லா போனார்.

1885 பொதுத்தேர்தலில் ஐந்தாவது முறை ஜெயித்தார். 1886 ஜனவரி 13 அன்று புதிய சபையில் உறுப்பினர்கள் பதவியேற்க வந்தார்கள். சபாநாயகர் நாற்காலியில் இப்போது ஆர்தர் பீல். பிராட்லாவைத் தடுக்கச் சொல்லி அரசுத் தரப்பிலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருந்தது. ஓர் உறுப்பினர் சட்டப்படி சத்தியம் செய்ய வரும்போது குறுக்கே நிற்க எனக்கும் அதிகாரம் இல்லை, வேறு எந்த உறுப்பினருக்கும் இல்லை என்று பீல் சொன்னார். ஆட்சேபம் சொல்ல எழுந்தவரைப் பேசவிடவில்லை. பிராட்லா சத்தியம் செய்தார், கைகுலுக்கினார், போய் உட்கார்ந்தார். சில நிமிடங்களில் முடிந்தது. 1880-இல் பிராண்ட் இதையே செய்திருந்தால் கைது, அடிதடி, மூன்று இடைத்தேர்தல் எதுவுமே நடந்திருக்காது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். அவருக்குச் சபையில் கிடைத்தது ஐந்தே வருடம். உடல் ஏற்கெனவே கெட்டிருந்தது, வழக்குச் செலவால் கடன். எம்.பி.க்களுக்குச் சம்பளம் 1911-இல்தான் வந்தது என்பதால், பேசியும் எழுதியும்தான் பிழைத்தார். இந்த நிலையில் அவர் செய்த வேலையைப் பாருங்கள். தொழிலாளர் நிலை பற்றிய புள்ளிவிவரங்களை அரசு முறையாகத் திரட்ட வேண்டும் என்று 1886 மார்ச்சில் தீர்மானம் கொண்டுவந்தார், வர்த்தக வாரியத்தில் அதற்கான ஏற்பாடு வந்தது. கூலியைக் காசாகக் கொடுக்காமல் முதலாளியின் கடைச் சரக்காகக் கொடுக்கும் வழக்கத்தை இறுக்கிப் பிடித்த 1887-ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய முயற்சி. என்றோ ஒரு மூதாதை செய்த சேவைக்காகப் பரம்பரை பரம்பரையாகப் பிரபுக் குடும்பங்கள் வாங்கிக்கொண்டிருந்த ஓய்வூதியங்களைக் கிண்டி வெளியே போட்டார். சந்தை வரிகள் குறித்து ஒரு விசாரணை ஆணையம் அமையக் காரணமாக இருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக 1888-ஆம் ஆண்டுப் பிரமாணச் சட்டம். மதநம்பிக்கை இல்லாதவரோ, சத்தியம் செய்வது தன் மதத்துக்கு விரோதம் என்று நினைப்பவரோ, நாடாளுமன்றம், நீதிமன்றம் எங்கும் உறுதிமொழி சொல்லலாம் என்றது அது. காரணத்தைச் சொல்லித்தான் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற திருத்தத்தை அவர் ஒப்புக்கொண்டது சில நாத்திக நண்பர்களுக்கே பிடிக்கவில்லை. சட்டம் புத்தகத்தில் ஏறுவதுதான் முக்கியம் என்று அவர் நினைத்தார். நான் அவர் பக்கம்.

அவரோடு எனக்கு ஒத்துப்போகாத இடமும் உண்டு. சோஷலிசத்தை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. 1884-இல் சோஷலிசத் தலைவர் ஹைண்ட்மனோடு லண்டனில் பொதுமேடையில் வாதாடினார். எட்டு மணி நேர வேலையைச் சட்டத்தால் நிர்ணயிப்பதையும் எதிர்த்தார். பெரியவர்கள் தங்கள் உழைப்பை எவ்வளவுக்கு விற்பது என்று தாங்களே தீர்மானிக்கட்டும் என்ற பழைய தனிமனிதவாதம். ஆலைச் சங்கிலியில் நிற்கும் தொழிலாளிக்கு அந்தச் சுதந்திரம் எங்கே இருக்கிறது என்று அவர் யோசித்திருக்க வேண்டும். அன்னி பெசன்ட் சோஷலிசத்தின் பக்கம் போனார், 1889-இல் பிரம்மஞான சபையில் சேர்ந்தார், பிறகு இந்தியா வந்து அடையாற்றில் நிலைத்தார். தோழமை மனக்கசப்பாக மாறவில்லை என்றாலும் பாதைகள் பிரிந்துவிட்டன.

இந்தியா. 'இந்தியாவின் உறுப்பினர்' என்று அவரை அழைத்தார்கள். நம் நாட்டு விஷயம் வந்தால் காமன்ஸ் சபை காலியாகிவிடும் காலம் அது. பிராட்லா உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்பார். 1889 இலையுதிர் காலத்தில் சாவின் விளிம்புவரை போய் மீண்டவர், கடற்பயணம் உடம்புக்கு நல்லது என்ற ஆலோசனையில் பம்பாய்க்குக் கப்பல் ஏறி, டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்தார். வில்லியம் வெடர்பர்ன் தலைமை. வந்த பிரதிநிதிகள் 1,889 பேர், ஆண்டும் அதுவே. திரும்பிப் போய், சட்டசபைகளில் இந்தியர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வழி செய்யும் மசோதாவை 1890-இல் அளித்தார். காஷ்மீர் மகாராஜாவின் அதிகாரத்தைப் பறித்ததைப் பற்றிச் சபையில் விவாதம் எழுப்பினார். 1892-இல் அரசே கொண்டுவந்த இந்தியக் கவுன்சில்கள் சட்டம் அவர் கேட்டதைவிட மிகக் குறைவு. ஆனால் அதைக் கொண்டுவரச் செய்த நெருக்குதலில் அவர் பங்கு பெரிது. லாகூரில் பிராட்லா ஹால் என்ற கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் ஊருக்கும் ஒரு நேரான தொடர்பு உண்டு. 1880-களில் சென்னையில் இலௌகிக சங்கம் என்று ஒரு நாத்திக அமைப்பு இயங்கியது. பிராட்லாவின் இயக்கத்தைப் பார்த்து ஊக்கம் பெற்றது. 'தத்துவ விவேசினி' என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்தியது. சுயமரியாதை இயக்கத்துக்குச் சுமார் நாற்பது வருடம் முந்தியது. நம் அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை கடவுள் பெயரால் ஒரு வழி, உறுதிமொழியாக ஒரு வழி என்று இரண்டையும் அனுமதிப்பதற்குப் பிராட்லாதான் காரணம் என்று சொன்னால் அது மிகை. இந்தியச் சட்டங்களில் உறுதிமொழிக்குத் தனி வரலாறு உண்டு. ஆனால் நாத்திகரும் எம்.பி. ஆகலாம் என்பதற்காக வெஸ்ட்மின்ஸ்டரில் அடிபட்டவர் அவர்.

1891 ஜனவரியில் படுத்த படுக்கையானார். ஜனவரி 27 அன்று காமன்ஸ் சபையில் டாக்டர் ஹன்டர் என்ற உறுப்பினர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: 1880 ஜூன் 22 அன்று பிராட்லாவுக்கு எதிராக நிறைவேற்றிய முடிவைச் சபைக் குறிப்பேட்டிலிருந்து அடித்துவிட வேண்டும். வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறியது. நூறு வருடத்துக்கு முன், 1782-இல், மிடில்செக்ஸ் மக்கள் தேர்ந்தெடுத்த ஜான் வில்க்ஸை வெளியே நிறுத்திய முடிவையும் இதே சபை இப்படித்தான் அடித்தது. அந்தச் செய்தி பிராட்லாவை எட்டவில்லை, நினைவு தப்பியிருந்தது. ஜனவரி 30 அன்று இறந்தார். வயது 57.

புரூக்வுட் கல்லறைத் தோட்டத்தில் சடங்கோ சொற்பொழிவோ இல்லாமல் அடக்கம் செய்தார்கள். லண்டனில் இருந்த இந்தியர்கள் திரளாகப் போனார்கள். அவர்களில் ஒருவர் சட்டம் படித்துக்கொண்டிருந்த இருபத்தொரு வயது மோகன்தாஸ் காந்தி. இடைத்தேர்தலில் நார்தாம்ப்டன் தேர்ந்தெடுத்தவர் ஃபிலிப் மேன்ஃபீல்டு, அந்த ஊரின் காலணி உற்பத்தியாளர். அவர் எந்தத் தடையும் இல்லாமல் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தார்.